கண்ணாடியை அணைத்துவிட்டு எடுத்த அளவுகள்

1

இது கதையாகத் தொடங்கியதல்ல. இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட்டு, எதை வாங்கலாம் என்று சொல்லும் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பல வருடங்களாக என் பிழைப்பு அதுதான். கடையிலிருந்து கார்டுகளை இரவல் வாங்குவேன். என் கம்ப்யூட்டரில் ஒன்று மாற்றி ஒன்று பொருத்தி ஓட்டிப் பார்ப்பேன். அட்டவணை போடுவேன். பிறகு துடைத்துப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். அட்டவணைக்கு நடுவில் வரும் வாக்கியங்களை யாரும் படிப்பதில்லை என்று எடிட்டர் சொல்வார். கோபப்பட முடியாது, நானே அடுத்தவர் கட்டுரையில் அட்டவணையைத்தான் தேடுவேன்.

கட்டுரைக்கு நான் எழுதிய முதல் வரிகள் இன்னும் இருக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை.

"நடுத்தர விலையில் நல்ல கார்டு தேடுபவர்களுக்கு இந்த மாதம் இரண்டு புதுவரவுகள் –"

"முதல் கார்டு வேகத்தில் கில்லி. ஆனால் மெமரி என்று பார்த்தால் –"

"சாப்பாட்டு மேசை மேல் இரண்டு கார்டுகள் இருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், சாப்பிட்டு முடித்த தட்டைக்கூட நகர்த்தாமல் –"

மூன்றாவது வரியில் ஆள் வந்துவிட்டார். ஆள் வந்த பிறகு அது எப்படிக் கட்டுரையாகும்? அங்கேயே நிறுத்திவிட்டேன்.

(கிராபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பக்கத்தை மூடிவிட வேண்டாம். திரையில் எதுவும் உண்மையில் அசைவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வருகின்றன, அவ்வளவுதான். அந்தப் படங்களை வரைந்து தள்ளுவது கார்டின் வேலை. வினாடிக்கு எத்தனை படம் என்பது எங்கள் தொழிலில் மதிப்பெண். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.)

2

முதலில் அவரை ஒரு வாடிக்கையாளராக எழுதினேன். "கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். வெள்ளை மீசை." எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அவருக்கு மீசையே கிடையாது. வயதும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. கடைக்கு வருகிற ஆளும் இல்லை, சில மாதங்களாக வீட்டு வாசலைத் தாண்டுவதே அபூர்வம். அடுத்த தெருக்காரர் என்று மாற்றிப் பார்த்தேன். பிறகு என் அண்ணன் என்று மாற்றினேன். அண்ணன் என்றால், அவர் வேலைக்குப் போடும் சட்டையில் எந்தப் பட்டன் அறுந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் என் வீட்டுக்காரர். பஸ் டிரைவர்.

"பஸ் டிரைவராக இருந்தவர்" என்று எழுத வேண்டும். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். இப்போதைக்கு டிரைவர் என்றே இருக்கட்டும்.

முப்பது வருடம் நகரத்துக்குள் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலை, வேலைக்குப் போகிறவர்களின் கூட்டத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே நினைவு தப்பியது. கண் சிமிட்டும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பஸ் நடைபாதையில் ஏறி ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. அது வலிப்பில் ஒரு வகை, மாத்திரையில் கட்டுப்படும், ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிப்போ மேனேஜர் தங்கமான மனிதர். டிப்போவிலேயே வேறு வேலை கொடுத்தார். வாசலில் நின்று, நேரம் பார்த்து ஒவ்வொரு பஸ்ஸாக வெளியே அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடுவார்கள்.

"நான் போகல" என்றார் இவர்.

"ஏங்க?"

"அவனவன் வண்டிய எடுத்துட்டுப் போவான், நான் வாசல்ல நின்னு டாட்டா காட்டணுமா?"

ஆகவே இந்தக் கதையில் நடக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: திங்கட்கிழமை அவர் வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பிறகு எப்போதும் தாண்டமாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

(எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், வெளியூரில். அவளை இந்தக் கதையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டாம் பத்தியிலேயே போன் போட்டு, "அப்பா, பேசாம வேலைக்குப் போ" என்று முடித்துவிடுவாள். அவள் அப்படித்தான். அவள் சொன்னால் அவர் கேட்கவும் மாட்டார்.)

3

கார்டுகளை அளக்க ஏதாவது ஒரு கேமை ஓட்ட வேண்டும். பஸ் ஓட்டும் கேமை நான் தேர்ந்தெடுக்கவில்லை. "இப்ப எல்லாரும் அதத்தான் மேடம் ஆடுறாங்க, அதுல டெஸ்ட் பண்ணுங்க" என்று எடிட்டர்தான் சொன்னார். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

கார்டுகளை ஒப்பிடும்போது ஒரு விதி உண்டு. இரண்டிலும் ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே ஓட்டம் இருக்க வேண்டும். ஒன்றில் வேகமாகவும் இன்னொன்றில் தடவித் தடவியும் ஓட்டினால் எண்களுக்கு அர்த்தமில்லை. எனக்கு ஸ்கூட்டரே சரியாக வராது. கடைக்காரர் கார்டுகளோடு அனுப்பிய சின்ன ஸ்டீயரிங்கைச் சாப்பாட்டு மேசையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் திருப்பத்தில் குப்பைத்தொட்டி மேல் மோதினேன். இரண்டாவது திருப்பத்தில் விளக்குக் கம்பம். அப்போதுதான் எனக்கே உறைத்தது, யார் முன்னால் உட்கார்ந்து எதன்மேல் மோதிக்கொண்டிருக்கிறேன் என்று.

அவர் தட்டை நகர்த்தினார்.

"எந்திரி."

"என்னங்க?"

"எந்திரிங்கறேன். பாக்கச் சகிக்கல."

உட்கார்ந்ததும் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டார், முதுகை நேராக்கினார், மேசைக்கு அடியில் காலால் பெடலைத் தேடினார். "இது என்ன ஸ்டீயரிங்கா, சாப்பாட்டுத் தட்டா?" என்றார். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல். அதற்காகவே கடைக்காரருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

"ரெண்டு கார்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது வேகமா வரையும், மெமரி கம்மி. அது மெதுவாத்தான் வரையும், ஆனா மெமரி ஜாஸ்தி."

"அப்ப இவன் அவசரம், அவன் நிதானம்."

அட்டவணையில் மாடல் எண்களை அழித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டேன். கட்டுரைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவர் திரையின் மேல் மூலையைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி எங்க?" என்று கேட்டார்.

விளக்கினேன். பஸ்ஸில் உட்பக்கக் கண்ணாடி ஒன்று, வெளிப்பக்கம் இரண்டு. ஒவ்வொரு கண்ணாடிக்கும் அதே தெருவையும் அதே ஆட்களையும் கார்டு இன்னொரு தடவை வரைய வேண்டும். எல்லாக் கார்டும் அதில் மூச்சு வாங்கும், எண்கள் குழம்பும். அதனால் எங்கள் தொழிலில் கண்ணாடிகளை அணைத்துவிட்டுத்தான் அளப்பது வழக்கம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"நல்லதாப் போச்சு" என்றார்.

[இந்த இடத்தில் முதல் பிரதியில் "அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது" என்று எழுதியிருந்தேன். அது பொய். அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கேபிளைத் தேடிக்கொண்டிருந்தேன். விபத்து நாளிலிருந்து அவர் கண்ணாடி பார்க்காமல், கையால் தடவித்தான் சவரம் செய்கிறார், தாடையில் எப்போதும் ஒரு கீறல் இருக்கிறது என்பதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.]

அவசரத்தைப் பொருத்தினேன். "ம், போலாம்" என்றேன். பஸ் கிளம்பியது.

அவர் ஓட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். கேமில் ஏறுகிற ஆட்கள் வெறும் படங்கள். அந்தப் படங்கள் உட்காரும்வரை காத்திருந்து, நான் மறுபடி "போலாம்" என்றதும் எடுத்தார். பள்ளத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். ஒரு படம் ஓடிவந்து கையைக் காட்டியது, நிறுத்தி ஏற்றிக்கொண்டார். நிறுத்தமில்லாத இடம், ஆட்டத்தில் மதிப்பெண் கழியும் என்று திரையில் சிவப்பாக வந்தது. "கழிச்சிக்கட்டும்" என்றார்.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கார்டுக்கு இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று சராசரி. இன்னொன்றை நான் "அடிமட்டம்" என்று எழுதுவேன். மொத்த ஓட்டத்தில் மிகத் தாமதமாக வந்த படங்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கணக்கிடுவது அது. சராசரி நன்றாக இருந்து அடிமட்டம் மோசமாக இருந்தால், நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும் படம் திடீரென்று ஓர் இடத்தில் திக்கி நிற்கும். ஆடுகிறவர்களுக்கு அந்த ஓர் இடம்தான் மனதில் நிற்கும். "சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள், மோசமான நொடியைப் பாருங்கள்" என்று நான் எழுதாத கட்டுரை இல்லை. அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவசரத்தின் சராசரி நூற்றுப் பத்து, அடிமட்டம் எண்பத்தெட்டு. நல்ல கார்டு.

நிதானத்தைப் பொருத்தினேன். எண்பது வந்தால் அதிகம் என்று நினைத்தேன். அவர் தயாராக உட்கார்ந்திருந்தார். வீடியோப் பதிவை ஓடவிட்டுவிட்டு, ஈரத்துணியைக் காயப்போட மாடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சராசரி நூற்று நாற்பது, அடிமட்டமும் ஏறத்தாழ அதேதான்.

மெதுவான கார்டு வேகமான கார்டை அடித்துத் துவைத்திருந்தது. யாரும் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்து, உடனே உட்கார்ந்து எழுதினேன்: "ஆமை முந்திய அதிசயம்!" ஆச்சரியக்குறி போடுகிற வழக்கமே எனக்குக் கிடையாது. அன்றைக்குப் போட்டேன்.

எடிட்டர் போனில் கூப்பிட்டார். "மேடம், வேற யாருக்கும் இப்படி வரலையே. வீடியோவ ஒரு தடவ பாத்துட்டீங்களா?"

பார்த்தேன். பஸ் முதல் நிறுத்தத்தில் நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. எஞ்சின் உறுமுகிறது. தெருவில் ஒரே கட்டடம், ஒரே மரம். ஓட்டம் முழுக்க பஸ் அங்கேயே நிற்கிறது. நிற்கிற பஸ்ஸுக்கு ஒரே தெருவைத் திரும்பத் திரும்ப வரைய எந்தக் கார்டுக்கும் சிரமம் கிடையாது.

"ஏங்க, வண்டிய எடுக்கவே இல்லையா?"

"நீ சொல்லலையே."

"நான் என்ன சொல்லணும்?"

"போலாம்னு. முத தடவ சொன்ன, எடுத்தேன். ரெண்டாவது தடவ நீபாட்டுக்கு மாடிக்குப் போயிட்ட. பின்னாலேந்து ஒருத்தர் சொல்லாம எப்படி எடுக்குறது? எவனாவது படியில கால வெச்சிருப்பான்."

முப்பது வருடம் கண்டக்டரின் குரல் கேட்டுத்தான் அவர் கால் பெடலை மிதித்திருக்கிறது. அது பொம்மை பஸ் என்று காலுக்கு யார் சொல்வது?

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கண்ணாடி இருந்திருந்தா நானே பாத்து எடுத்திருப்பேன்."

நான் வீடியோவை மூடினேன்.

"கண்ணாடியப் போடு" என்றார்.

5

கண்ணாடியைப் போட்டேன். அவசரத்தை மறுபடி மாட்டினேன். "போலாம்" என்று மறக்காமல் சொன்னேன்.

முதல் இரண்டு நிறுத்தம் ஒழுங்காகப் போனது. கூட்டம் ஏற ஏறக் கண்ணாடி தடுமாறியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முகம் வரவில்லை, சாம்பல் நிறத்தில் வெறும் உருவங்கள். மூன்றாவது நிறுத்தம் தாண்டித் திரும்பும்போது திரை அப்படியே உறைந்தது. பிறகு ஒரு குதி குதித்துப் பழையபடி ஓடியது. அதற்குள் பஸ் தெருவின் வேறோர் இடத்தில் இருந்தது.

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இது என்ன?"

"மெமரி பத்தல. கண்ணாடிக்கும் சேத்து வரையணும்ல, மூட்டை ஜாஸ்தியாயிடுது. ஒரு நொடி திக்கும், அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும்."

"இதான் எனக்கும் வந்துச்சு" என்றார். "இங்க இருந்தேன். அப்புறம் அங்க இருந்தேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

டாக்டரிடம்கூட அவர் இப்படிச் சொன்னதில்லை. "மயக்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டவர்.

"இதுக்குச் சராசரி எவ்வளவு?"

"தொண்ணூறு."

"அடிமட்டம்?"

"ஒம்பது."

தலையை ஆட்டினார். "என் கணக்கும் அதேதான்."

இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாக்கியம் தொடங்கினேன்: "கார்டு என்றால் திருப்பி அனுப்பிவிடலாம், ஒரு மனிதனை –" அதை முடிக்க என்னால் முடியவில்லை. மோசமான நொடியைப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதியவள் நான். அந்த நொடிக்குள் உட்கார்ந்திருக்கும் ஆள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கார்டை மாற்றுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

நிதானத்தை மாட்டினேன். மறுபடி மாடிக்குப் போகவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். "போலாம்."

எண்கள் சுமார்தான். ஆனால் எங்கும் திக்கவில்லை. கண்ணாடியில் எல்லோரும் வந்தார்கள். கம்பியைப் பிடித்து நிற்பவர், ஜன்னலோரம் தூங்குபவர், மூன்றாவது சீட்டில் மடியில் பையோடு ஒரு பெண்மணி. அவர் முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு நன்றாகவே பார்த்தார். தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு வண்டி நின்னதும் கண்ணாடியத்தான் பாத்தேன். எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க. ஒருத்தர்கூடத் திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்."

"பயந்துபோயிருப்பாங்க."

"இல்ல. மடியில பையோட ஒரு அம்மா கேட்டாங்க, 'தம்பி, உனக்கு ஒண்ணும் ஆகலையே?'ன்னு. அவ்ளோ ஆளையும் கொல்லப் பாத்திருக்கேன், என்னப் போய் கேக்குறாங்க. நான் திரும்பக்கூட இல்ல. பதிலே சொல்லல. இறங்கிப் போயிட்டாங்க."

கடைசி நிறுத்தம் வந்தது. கதவைத் திறந்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். "பாத்து இறங்குங்க" என்றார் இவர், படங்களிடம். பையோடிருந்த பெண்மணியின் முறை வந்தது. கேம் வரைந்த பெண்தானே, எதுவும் கேட்கவில்லை. இவர்தான் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா."

6

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

(அ) மாத்திரையில் எல்லாம் சரியாகி, அவர் மறுபடி பஸ் ஓட்டுகிறார். எழுதும்போது விரல்களுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் சொன்னது எனக்கும் காதில் விழுந்ததே. இதை அச்சில் போட்டால் அவரே படித்துவிட்டு, "யாருக்குடி இந்தக் கத?" என்று கேட்பார்.

(ஆ) தினமும் சாப்பாட்டு மேசையில் பஸ் ஓட்டி அவர் மனம் ஆறுகிறது. இதுவும் நடக்காது. கார்டுகள் இரண்டையும் திருப்பித் தர வேண்டும், எங்கள் பழைய கார்டு அந்தக் கேமைப் பார்த்தாலே படுத்துவிடும். தவிர, எங்களுக்குச் சாப்பிட மேசை வேண்டும்.

(இ) மடியில் பையோடு இருந்த உண்மையான பெண்மணியை நான் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்து வருகிறேன் –

இல்லை. அந்த அம்மாவைச் சும்மா விடுவோம். அவர் கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டுவிட்டார்.

கட்டுரைக்காவது தீர்ப்பு இருக்கிறது: நிதானம். எடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணாடியப் போட்டு யாரும் அளக்கறதில்ல மேடம்" என்றார். "கண்ணாடி இல்லாம யாரும் பஸ் ஓட்டறதும் இல்ல சார்" என்றேன். கடைசியில் அட்டவணையில் "கண்ணாடியுடன்" என்று ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கச் சம்மதித்தார். ஆமையையும் ஆச்சரியக்குறியையும் நானே எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்டுகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் வந்து நின்றார். நிதானத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"அந்த டிப்போ வாசல்ல, வண்டி வெளிய வர்றப்ப, பின்னாடி டயர்கிட்ட ஆள் நிக்கிறது டிரைவருக்குத் தெரியாது" என்றார். "வளைவு அப்படி. எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தாலும் தெரியாது. வெளிய நிக்கிறவன் சொன்னாத்தான்."

"அப்படியா?" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

7

திங்கட்கிழமை காலை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடப்பதால் அழகாக எழுத நேரமில்லை.

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சவரம் செய்திருக்கிறார். பழக்கம் விட்டுப்போனதில் புதிதாக இன்னோர் இடத்தில் கீறிக்கொண்டிருக்கிறார். டிப்போ சட்டையைப் போட்டிருக்கிறார். அறுந்த பட்டன் தைத்திருக்கிறது, வேறு நிற நூலில். நான் தைக்கவில்லை.

வாசலுக்கு வந்தார். செருப்பை விட்டுவிட்டு ஷூவை எடுத்தார். போட்டுக்கொண்டார். ஒரு கால் வாசற்படிக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. அப்படியே நிற்கிறார்.

பயமா, தயக்கமா என்று முதல் பிரதியில் நான் எழுதியிருப்பேன். இப்போது தெரியும். இவர் எதற்காக நிற்கிறார் என்று உங்களுக்கும் தெரியும்.

நான் சொல்லலாம். ஆனால் இத்தனை மாதமாக "வெளிய போங்க, போங்க" என்று நச்சரித்தவள் நான். என் வாயிலிருந்து வந்தால் அதுவும் அதே நச்சரிப்பாகத்தான் அவருக்குக் கேட்கும். அதோடு நான் இப்போது அவருக்கு முன்னால், தெருவில் இறங்கி நிற்கிறேன். முன்னால் நிற்கிறவர்கள் சொல்லி அவர் வண்டி எடுத்ததே கிடையாது. அந்த ஒரு வார்த்தை ஏறி உட்கார்ந்தவர்கள் பக்கமிருந்து, பின்னாலிருந்து வர வேண்டும்.

நீங்கள் முதல் பத்தியிலேயே ஏறிவிட்டீர்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். படியில் யாரும் கால் வைத்திருக்கவில்லை, நான் பார்த்துவிட்டேன்.

சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம்.